அரக்கி, ராட்சசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை போன்ற உடம்பு, கோரைப்பல், விரித்த தலை. "அரக்கி" என்றதும் நமக்கு இந்த உருவம்தான் மனத்தில் வருகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் எந்தப் பொருளில் இருந்தது, பெரிய உடம்பு அதில் எப்போது சேர்ந்தது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். நடுவில் கதைகளும் வரும். கதையை விட்டுவிட்டு இந்தச் சொல்லை மட்டும் விளக்க முடியாது.

அரக்கி, ராட்சசி இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறா?

மூலம் ஒன்றுதான். வடமொழியில் ராக்ஷஸ என்பது ஆண்பால், ராக்ஷஸீ பெண்பால். அது தமிழுக்குள் ஒரு தடவை மட்டும் வரவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசல் வழியாக வந்தது.

முதலில் வந்தது அரக்கன், அரக்கி. தமிழில் ரகரம் சொல்லின் முதலில் வராது. அதனால் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டோம். ரங்கம் அரங்கம் ஆனதும் ராமன் இராமன் ஆனதும் ரோமம் உரோமம் ஆனதும் இப்படித்தான். "ரவ்விற்கு அம்முதல் ஆமுக் குறிலும்" என்று நன்னூல் இதற்கு விதியே சொல்லியிருக்கிறது. அடுத்தது, க்ஷ என்ற ஒலி க்க ஆனது. பக்ஷம் பக்கம் ஆனதைப் போல, ரக்ஷ என்பது அரக்க ஆயிற்று. பிராகிருதத்திலும் இது ரக்கஸ என்றுதான் இருந்தது. எனவே தமிழுக்கு வரும் வழியிலேயே பாதி மாறிவிட்டிருக்கலாம்.

ராட்சசி பிற்கால வரவு. கிரந்த எழுத்துகளோடு வடசொற்களை அப்படியே எழுதும் வழக்கம் பெருகிய பிறகு நிலைத்த வடிவம். இரண்டுக்கும் நடுவில் இராக்கதர் என்று ஒரு வடிவமும் உண்டு. எண்வகை மணத்தில் பெண்ணை வலிந்து தூக்கிப் போவதற்கு இராக்கதம் என்று பெயர்.

"ராட்சத" என்பதில் தகரம் எப்படி வந்தது?

மாசம் மாதம் ஆன அதே வழிதான். வடமொழி ஸகரம் தமிழில் சில இடத்தில் சகரமாகவும் சில இடத்தில் தகரமாகவும் மாறும். சிங்காசனம் என்றும் சிங்காதனம் என்றும் எழுதுகிறோமே, அதைப் போல.

அரக்கு என்பதிலிருந்து அரக்கி வந்தது என்கிறார்களே?

அரக்கு நிறம் சிவப்பு, அரக்கருக்குச் செந்நிற மயிரும் சிவந்த கண்ணும், ஆகவே அரக்கி என்று சொல்பவர்கள் உண்டு. அரக்குதல் என்றால் தேய்த்தல், அழித்தல். அதிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரை வைக்கும் அரக்கு வடமொழி லாக்ஷா என்ற வேறொரு சொல்லோடு சேர்ந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ராட்சசிக்கு ரக்கசி என்றே பெயர். அங்கே முன்னால் அகரம் இல்லை. ஆகவே அரக்கியின் அகரம் நம் இலக்கணம் சேர்த்த அகரம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதில் ஓர் இனிமையான தற்செயல் உண்டு. பாரதத்தில் பாண்டவர்கள் அரக்கு மாளிகைத் தீயிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடுகிறார்கள். அங்கே அவர்களைச் சந்திப்பவள் ஓர் அரக்கி.

சரி, ராக்ஷஸ என்பதற்கு அடியான ரக்ஷஸ் என்றால் முதலில் என்ன பொருள்?

தீங்கு. அவ்வளவுதான். ரிக்வேதத்தில் ரக்ஷஸ் என்பது முதலில் கேட்டையும், பிறகு கேடு செய்யும் சக்தியையும் குறிக்கிறது. வேள்வியைக் கெடுப்பது, இரவில் நடமாடுவது, கர்ப்பத்துக்குத் தீங்கு செய்வது எல்லாம் அதன் வேலை. ஏழாம் மண்டலத்தின் 104-ஆம் சூக்தம் முழுக்க இவற்றை விரட்டும் பாட்டு. அதில் ஒரு பெண்ணும் வருகிறாள். ஆந்தையைப் போல இரவில் வெளியே வருகிறாள், தன் உடம்பை மறைத்துக்கொள்கிறாள் என்று பாட்டு சொல்கிறது. இன்னொரு மந்திரத்தில் ஆந்தை, நாய், கழுகு உருவங்களில் வரும் தீய சக்திகளை அடித்துப் போடு என்று இந்திரனிடம் வேண்டுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். உடம்பை ஒளித்துக்கொள்ளும் பெண், ஆந்தை, நாய். எங்கேயும் மலையளவு உடம்பு இல்லை. மக்கள் பயந்தது அதன் அளவைப் பார்த்து இல்லை. கண்ணில் படாமல் வருகிறதே, அந்தப் பயம்.

வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நிருக்த நூலில் யாஸ்கர் இந்தச் சொல்லுக்கு மூன்று விளக்கம் தருகிறார். எதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமோ அது, மறைவில் கெடுப்பது, இரவில் வருவது. இந்த மூன்றிலும்கூடப் "பெரியது" என்ற பேச்சு இல்லை.

ராட்சசர் என்றால் "காப்பவர்கள்" என்றும் சொல்கிறார்களே?

இது ராமாயணத்தின் உத்தரகாண்டக் கதை. பிரம்மா முதலில் நீரைப் படைத்தார். அப்புறம் அதைக் காக்க உயிர்களைப் படைத்தார். பசியோடு நின்ற அவர்களில் சிலர் "ரக்ஷாம:", காப்போம் என்றார்கள். சிலர் "யக்ஷாம:", வழிபடுவோம் என்றார்கள். முன்னவர்கள் ராக்ஷஸர், பின்னவர்கள் யக்ஷர் என்று பிரம்மா பெயர் வைத்தார்.

ரக்ஷ் என்ற வினைக்குக் காத்தல் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பொருள். ரட்சிப்பு, ரட்சகன் எல்லாம் அதிலிருந்து வந்தவை. கேடு செய்பவனுக்கும் காப்பவனுக்கும் பெயர் இவ்வளவு ஒட்டி இருக்கிறதே என்று பழங்காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கதை. சொல்வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் யட்சரும் ராட்சசரும் ஒரே நாளில் பிறந்த உடன்பிறப்புகள் என்று கதை சொல்வதை மறக்க வேண்டாம். தாடகை கதைக்கு அது வேண்டும்.

அப்படியானால் பெரிய உடம்பு எப்போது வந்தது?

இதிகாசங்களில். சுந்தரகாண்டத்தின் முதல் சருக்கத்திலேயே அதைப் பார்க்கலாம். அனுமன் கடல் தாண்டும்போது அவனைச் சோதிக்க நினைத்த தேவர்கள், நாகமாதா சுரசையிடம் போய், ராட்சச உருவம் எடு என்று கேட்கிறார்கள். அந்த உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வால்மீகியின் சொல் "பர்வதோபமம்", மலைக்கு ஒப்பானது. கோரைப்பல், மஞ்சள் கண், வானளவு வாய் என்று வரிசையாக வருகிறது. நம் மனத்தில் இன்றும் இருக்கும் உருவம் மொத்தமும் அந்த ஒரு சுலோகத்தில் தயாராகிவிட்டது.

சுரசை வாயைத் திறக்கத் திறக்க அனுமனும் வளர்கிறான். அவள் வாய் நூறு யோசனை அகலமானதும் சட்டென்று கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, உள்ளே போய் வெளியே வந்து வணங்குகிறான். இதில் சுரசை உண்மையில் ராட்சசியே இல்லை. ராட்சசி வேஷம் போட்டவள். பெரிய உடம்பு என்பது, வேண்டியவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஓர் உருவமாக அதற்குள் நிலைத்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் மிகப் பெரிய அரக்கி யார்?

கம்பனின் தாடகைதான் என்பேன். தாடகை வதைப் படலத்தில் அவள் வருகிற பாட்டு இது:

சிலம்புகள் சிலம்பிடை செறித்த கழலோடும்
நிலம் புக மிதித்தனள். நெளித்த குழி வேலைச்
சலம் புக, அனல் தறுகண் அந்தகனும் அஞ்சிப்
பிலம் புக, நிலக் கிரிகள் பின் தொடர, வந்தாள்.

சிலம்பு என்றால் மலை. சிலம்பு என்றால் காலில் அணிவதும்தான். சிலம்புக்குள் முத்தும் மாணிக்கமும் பரலாக இருக்கும் என்று கண்ணகி கதையில் படித்திருக்கிறோம். தாடகையின் சிலம்புக்குள் பரல் எது? மலைகள். அந்தக் காலை ஊன்றினால் நிலம் உள்ளே இறங்குகிறது. இறங்கிய குழியில் கடல்நீர் வந்து நிறைகிறது. எமன் பயந்து குகைக்குள் நுழைந்துகொள்கிறான். அவள் நடக்கிற வேகத்தில் மலைகள் பெயர்ந்து பின்னாலேயே வருகின்றன.

அவள் எத்தனை பனை உயரம், எத்தனை யோசனை அகலம் என்று கம்பன் இங்கே அளந்து காட்டவில்லை. காற்சிலம்பு ஒன்றைக் காட்டினான், காலடி ஒன்றைக் காட்டினான். மீதி உடம்பை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "புக", "புக", "புக" என்று மூன்று முறை விழுவது அவள் காலடிச் சத்தமாகவே கேட்கும்.

தாடகை பிறக்கும்போதே அரக்கியா?

இல்லை. அவள் யட்சி. சுகேது என்ற யட்சன் பிள்ளை வேண்டித் தவம் இருந்தான். பிரம்மா ஒரு மகளைத் தந்தார். ஆயிரம் யானை பலத்தையும் சேர்த்துத் தந்தார் என்கிறான் வால்மீகி. அவள் சுந்தனை மணந்தாள். சுந்தன் அகத்தியரால் மாண்டான். கணவனை இழந்த ஆத்திரத்தில் அவள் அகத்தியர் மேல் பாய, அவர் சபித்தார். அதன் பிறகுதான் அரக்கி.

இந்த வரிசை முக்கியம். பலம் வரமாக வந்தது. அரக்கி என்ற பெயர் சாபமாக வந்தது. ஆயிரம் யானை பலத்தோடு அவள் யட்சியாக இருந்த காலத்தில் யாரும் அவளைக் கண்டு ஓடியதாகக் கதையில் இல்லை.

பெண்ணைக் கொல்லலாமா என்று ராமன் தயங்கவில்லையா?

தயங்கினான். கம்பனில் முனிவரின் எண்ணம் தெரிந்தும் ராமன் அம்பு தொடுக்காமல் நிற்கிறான். "பெண் என மனத்திடை பெருந்தகை நினைந்தான்" என்பது பாட்டின் கடைசி அடி. எதிரே வருபவள் மலைகளைச் சிலம்பில் போட்டுக்கொண்டு வருகிறாள். அப்போதும் அவன் கண்ணுக்கு முதலில் பட்டது பெண் என்பதுதான். விசுவாமித்திரர் நீண்ட நேரம் வாதாடித்தான் அவனைச் சம்மதிக்க வைக்கிறார். வால்மீகியிலும் அவர் பழைய கதைகளைத் துணைக்கு இழுக்கிறார்: இந்திரன் விரோசனன் மகள் மந்தரையைக் கொன்றான், திருமால் பிருகுவின் மனைவியைக் கொன்றார் என்று.

அப்புறம் அம்பு பாய்கிறது. கல் போன்ற நெஞ்சில் தங்காமல், "கல்லாப் புல்லர்க்கு நல்லோர் சொன்ன பொருள் எனப் போயிற்று" என்று கம்பன் அதை முடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் உவமைக்காக மனப்பாடம் செய்த பாட்டுதான். அதற்கு முந்தைய தயக்கத்தோடு சேர்த்துப் படித்தால் வேறு பாட்டாகத் தெரியும்.

சூர்ப்பணகை என்ற பெயருக்கு என்ன பொருள்?

சூர்ப்பம் என்றால் முறம். நகம் உங்களுக்குத் தெரியும். முறம் போன்ற நகம் உடையவள். பெற்றவர்கள் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்டால், ராட்சசியர் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான், உடம்பின் ஓர் உறுப்பைச் சுட்டுபவை. அசோகவனத்தில் சீதையைச் சுற்றி இருந்தவர்களில் ஏகஜடை ஒற்றைச் சடை உள்ளவள், அஜமுகி ஆட்டு முகம் உள்ளவள். கந்தபுராணத்தில் சூரபத்மனின் தங்கைக்கும் அசமுகி என்றே பெயர். இந்திராணியைச் சீர்காழியில் பிடித்து இழுக்கப் போய்க் கையை இழந்தவள் அவள்.

அரக்கி என்றாலே அவலட்சணம்தானா?

வால்மீகியே இதற்குப் பதில் வைத்திருக்கிறார். இலங்கையில் இரவில் தேடித் திரியும் அனுமன், ராவணனின் அந்தப்புரத்தில் தூங்கும் மண்டோதரியைப் பார்க்கிறான். பொன்னிறம், பேரழகு. சீதை கிடைத்துவிட்டாள் என்று குதிக்கிறான், வாலை முத்தமிடுகிறான், தூணில் ஏறி இறங்குகிறான். அரக்கர்கோன் மனைவியைப் பார்த்துச் சீதை என்று நினைத்துவிட்டான் என்றால் மண்டோதரியிடம் எந்தக் கோரைப்பல்லும் இருந்திருக்க முடியாது.

சூர்ப்பணகையும் கம்பனில் "அன்னம் என, மின்னும் வஞ்சி என" நடந்து வருகிறாள். அது மாயம், உள்ளே நஞ்சு என்று அதே பாட்டு எச்சரிக்கிறது என்பது உண்மைதான். மண்டோதரியின் அழகில் எந்த மாயமும் இல்லை.

நல்ல அரக்கிகள் உண்டா?

உண்டு. எனக்கு இந்தப் பக்கத்திலேயே பிடித்த கேள்வி இது.

திரிசடையிலிருந்து தொடங்கலாம். வால்மீகியில் அவள் வயதான ராட்சசி. ராமன் வெண்ணிற ஆடையில் வருவதாகவும், தலை மழித்த ராவணன் எண்ணெய் பூசிக் கழுதை வண்டியில் தெற்கே போவதாகவும் கனவு கண்டு மற்றக் காவல்காரிகளை அடக்குகிறாள். கம்பன் அவளை வீடணன் மகள் ஆக்கிவிட்டான். "அன்பினால் தாயினும் இனியவள்" என்கிறான். சீதை அவளைத் துணைவி என்று அழைக்கிறாள். சிறையில் இருந்த சீதைக்குத் தாயைவிட இனியவளாக இருந்தது ஓர் அரக்கி என்று ராமாயணம் பாடியவனே எழுதிவைத்திருக்கிறான்.

அடுத்து ஜரா. மகாபாரதத்தில் மகத மன்னன் பிருகத்ரதனின் இரு மனைவியருக்கும் பாதிப் பாதியாக ஒரு குழந்தை பிறக்கிறது. வெளியே எறிந்த இரு துண்டுகளையும் ஜரா என்ற ராட்சசி எடுத்துச் சேர்க்க, குழந்தை உயிர்பெற்று அழுகிறது. தின்றுவிடாமல் தூக்கிக்கொண்டு போய் அரசனிடம் கொடுக்கிறாள். ஜரா சேர்த்தவன், ஜராசந்தன். தன்னைக் கிருஹதேவி, வீட்டுத் தெய்வம் என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். பிள்ளைகள் சூழ இருப்பதாகத் தன் உருவத்தைச் சுவரில் வரைந்து வைக்கும் வீடு செழிக்கும் என்றும் சொல்கிறாள்.

அப்புறம் இடிம்பி. அண்ணன் இடிம்பன் பாண்டவர்களைக் கொன்று தின்பதற்காக அனுப்பியவள், பீமனைப் பார்த்ததும் மனம் மாறி அவனை எச்சரிக்கிறாள். மகன் கடோற்கசன். இமாசலப் பிரதேசம் மணாலியில் தேவதாரு மரங்களுக்கு நடுவே அவளுக்கு 1553-இல் கட்டிய மரக் கோயில் இருக்கிறது. ஹடிம்பா தேவி என்று கும்பிடுகிறார்கள். குல்லு அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை. அவள் வந்து சேர்ந்தால்தான் குல்லு தசரா தொடங்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம்: பழனியில் காவடி தூக்கிய இடும்பனின் மனைவிக்கும் இடும்பி என்றுதான் பெயர். முருகனிடம் மன்றாடிக் கணவன் உயிரைத் திரும்ப வாங்கியவள். இருவரும் வேறு.

இலங்கையின் குவேனி அரக்கியா?

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் அவளை யட்சி என்கிறது. இந்தியாவிலிருந்து வந்த இளவரசன் விஜயன் இலங்கையில் இறங்கும்போது அவள் ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். பிறகு அவனை ஏற்று, தன் இனத்தாரையே அழிக்க அவனுக்கு உதவுகிறாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பின் மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வர, விஜயன் குவேனியை அனுப்பிவிடுகிறான். திரும்பிப் போன இடத்தில் தன் இனத்தான் ஒருவன் கையாலேயே சாகிறாள். அவளிடம் பெரிய உடம்பு எதுவும் இல்லை. இருந்தும் யட்சி என்ற ஒரு பெயரே அவளை அனுப்பிவைக்கப் போதுமானதாக இருந்தது.

சங்க இலக்கியத்தில் அரக்கி உண்டா?

அரக்கன் உண்டு. புறநானூற்றின் 378-ஆம் பாட்டில் சீதையை "வலித்தகை அரக்கன் வௌவிய ஞான்றை", அதாவது வலிய அரக்கன் கவர்ந்துபோன நாள், வருகிறது. அவள் எறிந்த நகைகளைக் குரங்குகள் கண்டெடுத்துத் தாறுமாறாக அணிந்துகொண்டதைப் போல, பரிசு பெற்ற பாணர் சுற்றம் எந்த நகையை எங்கே போடுவது என்று தெரியாமல் அணிந்துகொண்டதாம். கலித்தொகையில் "ஐயிரு தலையின் அரக்கர் கோமான்" மலையைத் தூக்கமுடியாமல் தவிக்கிறான்.

பெண்பாலில் தமிழுக்குத் தன்னுடைய சொற்களே இருந்தன. பேய்மகள், சூரர மகளிர், அணங்கு, கொல்லிமலையில் பாவை. திருமுருகாற்றுப்படையின் பேய்மகளைப் பாருங்கள்: காய்ந்த கூந்தல், ஒழுங்கில்லாத பல், பெரிய வாய், சுழலும் பச்சைக் கண், காதில் ஆந்தையும் பாம்பும் தொங்கி மார்பில் வந்து மோதுகின்றன. அதே பாட்டில் சூரர மகளிர் சோலையில் ஆடும் அழகிகள். பிற்காலத்தில் அரக்கி என்ற சொல் வந்தபோது, பேய்மகளின் இந்த முகத்தை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது என்று நினைக்கிறேன். கண்ணனுக்குப் பால் கொடுக்க வந்த பூதனையை ஆழ்வார்கள் பேய்ச்சி என்றே பாடினார்கள்.

இசக்கி, பேச்சி எல்லாம் இந்த வகையா?

இசக்கி என்பது யக்ஷி, இயக்கி, இசக்கி என்று வந்த சொல். குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இதில் பேர்பெற்றது. பேச்சியைப் பேய்ச்சியோடும் பெரிய ஆச்சியோடும் சேர்த்துப் பேசுவார்கள். பெரியாச்சி சிலையைப் பார்த்தவர்களுக்கு அந்த உக்கிரம் தெரியும். ஆனால் மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் குழந்தை பிறந்து முப்பது நாள் ஆனதும் முதலில் தூக்கிக்கொண்டு போவது அவளிடம்தான்.

யட்சியை உண்மையாகவே பெரிய உருவத்தில் பார்க்க வேண்டுமென்றால் பாலக்காடு மலம்புழை அணைக்குப் போகலாம். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்த 30 அடி யட்சி சிலை அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பக்கம்.

திருப்பனந்தாள் தாடகை ராமாயணத் தாடகையா?

இல்லை, இவள் வேறு. அசுர குலத்துப் பெண், சிவபக்தை என்கிறது தலபுராணம். மாலை சாத்தக் கையைத் தூக்கியபோது உடை நழுவியது. இரு முழங்கையாலும் உடையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். மாலையை ஏற்க இறைவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். சாய்ந்த லிங்கத்தை யானையும் சேனையும் இழுத்து நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுக்க நிமிர்ந்தது என்று பெரியபுராணம் பாடுகிறது. சம்பந்தர் அந்தக் கோயிலைத் தாடகையீச்சரம் என்றே பாடியிருக்கிறார். அசுரப் பெண்ணின் பெயரில் பாடல் பெற்ற தலம். தாடகை என்று யாரையாவது திட்ட வாய் வரும்போது இந்தத் தாடகையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பேரிளம்பெண் என்றால் பெரிய உடம்புள்ள பெண்ணா?

இல்லை. பேதை முதலான ஏழு பருவங்களில் கடைசிப் பருவம். 32 முதல் 40 வயது என்பார்கள்.

எங்கள் பெண்ணுக்கு ராட்சச கணம் என்று ஜாதகத்தில் இருக்கிறது. ராட்சசி குணம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகத் தேவ, மனுஷ, ராட்சச கணம் என்று பிரித்திருக்கிறார்கள். கார்த்திகை, ஆயில்யம், மகம், சித்திரை, விசாகம், கேட்டை, மூலம், அவிட்டம், சதயம் ராட்சச கணம். இது ஒரு வகைப்பெயர் மட்டும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் 49-ஆவது ஆண்டுக்கும் ராட்சச என்றுதான் பெயர். 1975 ஏப்ரலில் தொடங்கி ஓர் ஆண்டு அதுதான் நடந்தது, அடுத்து 2035-இல் வரும். அந்த ஓராண்டில் பிறந்தவர்களை யாராவது ராட்சசர் என்று சொல்கிறோமா?

பொருத்தம் பார்க்கும்போது பல இடங்களில் பையன் ராட்சச கணம் என்றால் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெண் ராட்சச கணம் என்றால் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வகைப்பெயரைக் கேட்டுவிட்டு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அறைக்குள் போய் அழுவதைப் பார்த்த வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. ஜாதகம் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சொல்லை அவள் காதில் விழும்படி குணமாக மாற்றிப் பேசாதீர்கள்.

இன்றைக்கு இந்தச் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன?

ராட்சத என்ற வடிவம் அளவைச் சொல்லும் அடைமொழியாகிவிட்டது. ராட்சத அலை, ராட்சத ராட்டினம், ராட்சத பலூன், ராட்சதக் குழாய் என்று செய்தித்தாளில் தினம் வருகிறது. தீமையின் வாடையே இல்லை. பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தில் ஏறக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். அசுர வேகம், அசுர உழைப்பு என்றால் பாராட்டு.

பெண்பாலுக்கு இந்த மாற்றம் வரவில்லை. ராட்சசி என்றால் இன்றும் கொடுமைக்காரி; மருமகள் மாமியாரையோ மாணவர்கள் கண்டிப்பான டீச்சரையோ சொல்வது. சத்தமாகப் பேசினால் தாடகை, உயரமாகவும் பருமனாகவும் இருந்தால் பூதகி (அதே பூதனைதான்), ஆசையை வெளியே சொன்னால் சூர்ப்பணகை. ஆண் வடிவத்திலிருந்து கேடு கழன்று அளவு மட்டும் தங்கியது. பெண் வடிவத்தில் அளவும் தங்கியது, கேடும் தங்கியது. உயரமான பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கூன் போட்டு நடப்பதற்கு இந்தச் சொற்களுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

செல்லமாகச் சொல்லும் "அடி ராட்சசி" உண்டே என்பீர்கள். உண்டு. மகளையும் காதலியையும் அப்படிக் கொஞ்சுகிறோம். அங்கே கேடு போய்ச் சேட்டை வந்துவிடுகிறது. சொல்கிற குரலும் உறவும்தான் அதைச் செல்லமாக்குகின்றன. அந்த உறவு இல்லாத ஒருவர் அதே சொல்லைச் சொன்னால் வசைதான்.

ராட்சசி, ராட்சஷி, ராக்ஷஸி: எது சரி?

மூலத்தில் முதலில் க்ஷ, அடுத்து ஸ. கிரந்தம் சேர்த்து எழுதினால் ராக்ஷஸி. தமிழ் எழுத்தில் ராட்சசி, இலக்கணப்படி முன்னால் இகரம் சேர்த்தால் இராட்சசி. ராட்சஷி தவறு, ஸகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஷகரம் போய்விட்டது. பன்மைக்கு ராட்சசிகள், ராட்சசியர் இரண்டும் சரி. அரக்கி என்று எழுதினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.